பர்தினி பெட்டியில் பச்சைப் பசை

"பெட்டி காலி," என்றான் எல்லப்பன். "பூட்டு ஒடையல. சாவி அதே ஆணியில தொங்கினு கீது. உள்ள இருந்தது மட்டும் இல்ல. ரொம்ப ஒழுக்கமான திருடன் யக்கா."

லோகநாயகி காதில் வாங்கவில்லை. மாமல்லபுரத்தில், கடலைப் பார்த்த ஒரு மாடி அறையில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு தகரப் பெட்டியின் மூடியை முகர்ந்துகொண்டிருந்தாள். ஐம்பத்து மூன்று வயது. இருபத்தாறு வருடம் ரயில்வே தபாலில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட்டவள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்து ஐந்து வருடம் ஆகிறது. வருகிற கேஸ்களில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிப்பானா மாட்டானா என்பதுதான்.

எல்லப்பன் மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட் பார்த்தவன். ஒரு நாள் கம்பெனி பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது, இவன் ஏறவில்லை. அன்றிலிருந்து லோகநாயகியின் பழைய காரை ஓட்டுகிறான். கேட்காமலே கருத்தும் சொல்கிறான்.

அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஜன்னலோரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்ற கீர்த்தனா, கேஸ் கொடுத்தவள். திருக்கழுக்குன்றம் சாலையில் உள்ள நித்திலம் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. கட்டிலில் உட்கார்ந்திருந்த வச்சலா, வீட்டுக்குச் சொந்தக்காரி. காலையில் மீன் விற்பாள், மீதி நேரத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை விடுவாள்.

"மணி பன்னெண்டு," என்றாள் கீர்த்தனா. "நாலு மணிக்கு எனக்கு பி.எச்டி. வைவா. நாலு மணிக்கு அந்த ஏழாவது புத்தகத்த கேமரா முன்னாடி காட்டணும். இல்லன்னா அஞ்சு வருஷம் போச்சு."

"என்ன புத்தகம், யாரு எழுதினது, உனக்கு எதுக்கு? சுருக்கமா சொல்லு," என்றாள் லோகநாயகி.

"எலியோ பர்தினின்னு ஒரு இத்தாலிப் பேராசிரியர். லத்தீன் கல்வெட்டு ஆராய்ச்சி. ரிட்டயர் ஆனதும் வருஷத்துக்கு ஆறு மாசம் இந்த ரூம்லதான் இருந்தார்."

"வெயில் காய வந்தாரு," என்றாள் வச்சலா. "பதினாலு வருசம். நான் மீன் வித்துட்டு வர்ற வரிக்கும் சாப்புடாம குந்தினு இருப்பாரு. செத்து ஒம்போது வருசம் ஆவுது. அந்த மனுசனப் போயி திருடன்னு சொல்றாங்களாம் அவங்க ஊர்ல."

"திருடன் இல்லன்னு சொல்றதுதான்க்கா என் ஆராய்ச்சியே," என்றாள் கீர்த்தனா. பிறகு வேகமாகச் சொல்லி முடித்தாள்.

பர்தினிக்கு ருமேனியாவில் கொர்னேல் என்று ஒரு நண்பர், அவரும் பேராசிரியர். அங்கே அப்போது கம்யூனிஸ்ட் ஆட்சி. கொர்னேல் வெளிநாட்டுக்கு எழுதும் கடிதங்களைப் போலீஸ் பிரித்துப் படிக்கும். வெளிநாட்டுப் பத்திரிகையில் அவர் எழுதக் கூடாது. ஆனால் உள்ளூரில் அச்சான தன் கட்டுரையைத் தபாலில் அனுப்பலாம். ஒரு கட்டுரையை மட்டும் தனியாக அச்சடித்து, மெல்லிய புத்தகமாகத் தைத்து ஆசிரியருக்குக் கொடுப்பார்கள். தனிப்பிரதி என்று பெயர். அப்படிப் பன்னிரண்டு தனிப்பிரதிகளை வருடத்துக்கு ஒன்றாகக் கொர்னேல் பர்தினிக்கு அனுப்பினார். பன்னிரண்டும் இந்தத் தகரப் பெட்டியில் இருந்தன.

"1972ல பர்தினி பேர்ல பெரிய கட்டுரை ஒண்ணு வந்தது. அது கொர்னேல் எழுதினதுன்னு பின்னாடி தெரிஞ்சுபோச்சு. திருட்டுன்னு முத்திர குத்திட்டாங்க. கொர்னேலே கேட்டுக்கிட்டுதான் இவர் பேர்ல போட்டார்னு நான் சொல்றேன். அதுக்கு ஒரே ஆதாரம், அந்தக் கட்டுரைக்கு முந்தின வருஷம் வந்த ஏழாவது. அட்டையில கொர்னேல் கையெழுத்துல, 'நம் பிள்ளையின் வளர்ப்புத் தந்தைக்கு'ன்னு எழுதியிருக்கும். கொர்னேலுக்குப் பிள்ளையே கிடையாது."

"வாத்தியாருங்க கட்டுரையத்தான் பெத்துப்பாங்க போலக் கீது," என்றான் எல்லப்பன்.

"போட்டோ இருக்குமே?" என்றாள் லோகநாயகி.

"இருக்கு. இத்தாலியிலேருந்து வீடியோவுல கேள்வி கேக்கப்போற மிரெல்லா மேடம் போட்டோவ நம்ப மாட்டேன்னுட்டாங்க. பர்தினிய முதமுதல்ல திருடன்னு எழுதினது அவங்களோட வாத்தியார்."

"எப்ப காணாம போச்சு?"

"நேத்து சாயந்தரம் இருந்தது. இன்னைக்குப் பதினோரு மணிக்கு எடுக்க வந்தேன், இல்ல."

"நான் காத்தால மார்க்கெட்டுக்குப் பூட்டேன்," என்றாள் வச்சலா. "எம் புள்ள குமார் கடலுக்குப் பூட்டான். வூட்ல யாருமில்ல. சாவி ஆணியிலதான் எப்பவும் கெடக்கும். எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும் தெரிஞ்ச எடத்துல சாவிய மாட்டறதுக்குப் பூட்டு எதுக்குக்கா?"

"பெட்டி தொறந்துக்காம இருக்கத்தான்."

எல்லப்பன் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உங்க கைடு சாருக்குத் தெரியுமா?" என்று லோகநாயகி கேட்டாள்.

"ராஜாராம் சாருக்கா? சொன்னா பி.பி. ஏறிடும். சொல்லல. என் பக்கத்து மேஜை சூர்யாதான் எடுத்திருப்பான். போன வாரம் இங்க வந்து பெட்டியப் பாத்துட்டுப் போனான். எனக்கும் அவனுக்கும் ஒரே வேலைக்குத்தான் போட்டி."

"முடிஞ்சுது," என்றான் எல்லப்பன். "அட்ரஸ் குடு. ரெண்டு தட்டு தட்டினா கக்கிடுவான்."

"கைய மடக்கு," என்றாள் லோகநாயகி. பெட்டியின் மூலையிலிருந்து ஒரு நூல் சுருணையை எடுத்தாள். "பன்னெண்டையும் கட்டியிருந்த நூல் இதுதானே?"

கீர்த்தனா தலையாட்டினாள்.

"திருட வந்தவன் நூல அறுப்பான். இல்ல கட்டோட தூக்குவான். இவன் முடிச்ச அவுத்து, எட்டு போட்டு சுத்தி, ஓரமா வெச்சுட்டுப் போயிருக்கான். நூல வீணாக்க மனசு வராத ஆளு."

"எங்கம்மாவும் அப்டித்தான் யக்கா. அதுக்காக எங்கம்மாவ ஸ்டேஷனுக்கு இட்டுனு போவ முடியுமா?"

லோகநாயகி கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்தாள். விரல் அகலம், சாண் நீளம்.

"காது கொடஞ்சிருப்பான்," என்றான் எல்லப்பன்.

"ரெண்டு எடத்துல நகத்தால கீறியிருக்கு பாரு. பன்னெண்டையும் அடுக்கி வெச்சு எவ்ளோ தடிமன்னு அளந்திருக்கான். ஸ்கேல் வெச்சு அளக்கல. இப்ப இந்த மூடியப் பாரு."

மூடியின் உள்பக்கம் ஒரு கட்டைவிரல் ரேகை அழுத்தமாகப் பதிந்திருந்தது. காய்ந்த ஏதோ ஒன்று, நீலமும் பச்சையும் கலந்த நிறம்.

"டூத் பேஸ்ட்டா?"

"மோந்து பாரு."

எல்லப்பன் முகர்ந்தான். "பழைய பரோட்டா மாதிரி கீது."

"மைதா. அதுல மயில் துத்தம். பூச்சி அரிக்காம இருக்கறதுக்குப் பசையில போட்டுக் காய்ச்சறது. நூலச் சேத்து வெப்பான், காகிதத் துண்டுல அளப்பான், விரல்ல எப்பவும் பசை இருக்கும். யாரு?"

"பைண்டரு," என்றான் எல்லப்பன். சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது, தானும் அதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று. "யக்கா, இந்த ஊர்ப்பக்கம் பைண்டருக்கா பஞ்சம்? தீசிஸ் போடற பசங்க இருக்கற எடமெல்லாம் பைண்டரு."

"இப்ப எவன் பசை காய்ச்சறான்? எல்லாம் டப்பா கோந்து, ஸ்பைரல் கம்பி." அவள் தன் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போன் போட்டு, மைதா பசை காய்ச்சும் பைண்டர் யாராவது மிச்சம் இருக்கிறானா என்று கேட்டாள். ஒரே ஒரு பெயர்தான் வந்தது. தாண்டவராயன், பொத்தேரி.

வச்சலாவும் காரில் ஏறினாள். விற்காத சங்கரா மீன் அரைக்கூடையும் ஏறியது. கூடையை விட்டு வர முடியாது, பூனை தின்றுவிடும் என்றாள். பர்தினி பேரைக் கெடுத்தவனை நேரில் பார்க்காமல் விடப்போவதில்லை என்றும் சொன்னாள். கார் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டும்போது நான்கு ஜன்னல்களும் இறங்கியிருந்தன.

"சூர்யா பைண்டரக் கூலிக்கு வெச்சுகினு திருடியிருப்பான்," என்றான் எல்லப்பன்.

"ஓட்டு," என்றாள் லோகநாயகி.

பொத்தேரியில் ஹாஸ்டல் சந்து ஒன்றில், பிரியாணிக் கடைக்கும் பானிபூரி வண்டிக்கும் நடுவே அந்தக் கடை இருந்தது. மணி ஒன்றே முக்கால். வாசலில் நாலைந்து மாணவிகள் பிராஜெக்ட் தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே ஒரு பெரிய கட்டிங் மிஷின், அதன் சக்கரத்தைப் பிடித்தபடி அறுபது வயது மனிதர். கண்ணாடிக்கு ஒரு பக்கம் காம்பு இல்லை, நூல் கட்டியிருந்தார். அடுப்பில் பசை கொதித்துக்கொண்டிருந்தது. நீலப் பச்சை.

"தாண்டவராயன்?" என்றாள் லோகநாயகி.

"நாந்தான். அவசரம்னா ஸ்பைரல் கடைக்குப் போமா. எங்கிட்ட அவசரம் கெடையாது."

"காலையில மாமல்லபுரம் போனீங்களா?"

சக்கரம் நின்றது. "அத்த உங்களுக்கு யாரு சொன்னது?"

"உங்க பசை."

தாண்டவராயன் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பயப்படவில்லை. பெருமைதான் பட்டார். "பாத்தியாமா, ஒம்பது மணிக்குத் தொட்டது இன்னும் நிக்குது. இதாம் பசை."

"பன்னெண்டு புத்தகம் எங்க?"

"கீது. வேல நடந்துகினு கீது. ஆனா யாரு குடுத்ததுன்னு கேக்காத. சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. வாக்குக் குடுத்துட்டேன்."

"சூர்யாதானே?" என்று எல்லப்பன் முன்னால் வந்தான். "உண்மையச் சொல்லு நைனா, உனுக்கு ஒண்ணும் ஆவாது."

"சூர்யாவா? எந்த சூர்யா?"

லோகநாயகி மேஜை ஓரத்தில், இரும்புக் கட்டைக்கு அடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு புத்தம்புது ரெக்சின் அட்டையைப் பார்த்தாள். மெரூன் நிறம். கட்டையைத் தூக்கி அட்டையைத் திருப்பினாள். தங்க எழுத்து பளபளத்தது. எல்லப்பன் வாய்விட்டுப் படித்தான்.

"'அன்பு மாணவி கீர்த்தனாவுக்கு, பெருமையுடன், நெறியாளர் முனைவர் ராஜாராம்.'"

அடுப்பில் பசை ஒரு முறை குமிழ் விட்டது.

"நான் சொல்லலப்பா," என்றார் தாண்டவராயன். "நீங்களாத்தான் படிச்சீங்க."

கீர்த்தனா ஒரு தீசிஸ் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "சாரா? சார் எதுக்கு?"

"வெளிநாட்டு அம்மா பாக்கப் போறாங்க, இப்டி நைஞ்சுபோன புத்தகத்தக் காட்டினா காலேஜுக்குத்தான் கேவலம்னாரு. அளவெடுக்க என்னயே ஸ்கூட்டர்ல வெச்சு இட்டுனு போனாரு. நாலு மணிக்கு மேடையில பொண்ணு கையில குடுக்கணும், அதுக்குத் தெரியக் கூடாதுன்னாரு."

முப்பது வருடமாக மாணவர்களின் ஆராய்ச்சியை ரெக்சினும் தங்க எழுத்தும் போட்டு வாங்கி அடுக்கிப் பழகிய மனிதர் ராஜாராம். பைண்டு போடாத காகிதம் அவர் கண்ணுக்கு அரைகுறை வேலை. கீர்த்தனா அவருக்குப் பி.பி. ஏறும் என்று சொல்லவில்லை. அவர் இவளுக்கு இன்ப அதிர்ச்சி என்று சொல்லவில்லை.

"வெட்டிட்டீங்களா?" என்றாள் கீர்த்தனா.

"எல்லாம் வெட்டல. ஒண்ணுதான். எவனோ கத்துக்குட்டி தெச்சிருக்கான்மா. தலப்பக்கத்த சீவாமயே உட்டுட்டான். ரெண்டு ரெண்டு பக்கம் பை மாதிரி ஒட்டிகினு கீது. பாத்தா பாவமா இருந்துச்சு. மேல கெடந்தத எடுத்து சீவினேன். அதுக்குள்ள இந்த எம்.பி.ஏ. பொண்ணு வந்து அழுதுச்சா, அத்த மொதல்ல முடிச்சேன்."

"ஐயோ, அது கத்துக்குட்டி இல்லைங்க. அந்தக் காலத்துல அங்க அப்படித்தான் வரும். படிக்கறவங்கதான் கத்தி வெச்சு வெட்டிக்கணும். வெட்டாத பழைய புத்தகத்த ஆராய்ச்சி பண்றவங்க வெட்டவே கூடாது. பெட்டி கெடச்ச இந்த ரெண்டு வருஷமா நான் ஒரு பக்கம் கூடத் தொடல. கட்டுரைய எல்லாம் வேற எடத்துல தேடிப் படிச்சேன்." அவள் அந்த ஒன்றை எடுத்தாள். அட்டையில் ஏழு என்று அவளே பென்சிலில் எழுதியிருந்தாள். "ஏழாவதயேதான் வெட்டணுமா?"

"அட்டை எழுத்து பத்திரமாத்தானே கீது?" என்றான் எல்லப்பன். "அத்தக் காட்டு. போதும்."

லோகநாயகி புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். தலைப்பக்கம் மிஷினில் நறுக்கென்று வெட்டுப்பட்டு, ஐம்பது வருடமாக மூடியிருந்த பக்கங்கள் திறந்து கிடந்தன. பத்தாம் பக்கத்தில் நிறுத்தினாள். கீழ் விளிம்பில், அச்சுக்கு அடியில் இருந்த வெற்றிடத்தில், பொடிப் பொடியாகப் பென்சில் எழுத்து.

"இது என்ன பாஷை?"

கீர்த்தனா எட்டிப் பார்த்தாள். உதடு அசைந்தது. "இத்தாலி. கொர்னேல் கையெழுத்து." ஒரு வரி படித்தாள், நிறுத்தினாள், முதலிலிருந்து தமிழில் சொன்னாள்.

"'எலியோ, மாநாட்டில் உன் பையில் வைத்த கட்டுரையை உன் பெயரில் அச்சிடு. என் பெயரில் வந்தால் எனக்கு வேலை இருக்காது. பிள்ளை பிழைத்தால் போதும், யார் வீட்டில் வளர்ந்தால் என்ன. பதில் போடு.'"

வச்சலா கூடையைக் கீழே வைத்தாள். "அப்ப அந்த மனுசன் திருடல."

"திருடலக்கா."

"நான் வெட்டினதாலதான தெரிஞ்சுது?" என்றார் தாண்டவராயன்.

"அதச் சொல்லிச் சொல்லி இன்னும் பத்து வெட்டிடாத நைனா," என்ற எல்லப்பன் மீதிப் புத்தகங்களைச் சேர்த்து அள்ளினான். மெரூன் அட்டையையும் எடுத்துக்கொண்டான்.

திரும்பி வரும் வழியெல்லாம் கீர்த்தனாவும் வச்சலாவும் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். லோகநாயகி மட்டும் வெட்டாத எட்டாவது பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஓரத்தை விரலால் தடவியபடியே வந்தாள். கேஸ் முடிந்தால் அவள் காரில் தூங்கிவிடுவாள். இன்று தூங்கவில்லை. எல்லப்பனுக்கு அது பிடிக்கவில்லை.

கல்லூரி அரங்கில் ஐம்பது நாற்காலி, நாற்பது பேர். மேடையில் பெரிய திரை. ராஜாராம் கோட்டு போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். எல்லப்பன் கையில் மெரூன் அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"பாத்துட்டியாமா? மேடையில குடுக்கலாம்னு இருந்தேன். பிடிச்சிருக்கா?"

இரண்டு மணி நேரமாகத் திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கீர்த்தனா விழுங்கினாள். "ரொம்ப நல்லா இருக்கு சார்."

"எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசாப் போடச் சொன்னேன். தாண்டவராயன் கேக்கல."

நான்கு மணிக்குத் திரையில் மிரெல்லா வந்தார். குட்டை நரைமுடி, பின்னால் கூரை வரை புத்தகம். நாற்பது நிமிடம்தான் தன்னிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் வணக்கமே சொன்னார். கீர்த்தனா ஏழாவது பிரதியைக் கேமராவில் காட்டினாள். அட்டையை, பிறகு பத்தாம் பக்கத்தை. பென்சில் எழுத்தை இத்தாலிய மொழியிலேயே படித்தாள்.

திரையில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"அற்புதம். இந்தப் பக்கம் எப்போது வெட்டப்பட்டது?"

பொய் சொல்லியிருக்கலாம். கீர்த்தனா சொல்லவில்லை. "இன்று காலை. தவறுதலாக. அதுவரை வெட்டப்படாமல்தான் இருந்தது."

"அதாவது, பர்தினி இறக்கும்வரை இந்தப் பக்கம் மூடியே இருந்தது." மிரெல்லாவின் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "கொர்னேல் அனுமதி கொடுத்தார், உண்மை. ஆனால் பர்தினி அதைப் படிக்கவே இல்லை. அனுமதி இருப்பது தெரியாமலே நண்பனின் கட்டுரையைத் தன் பெயரில் போட்டுக்கொண்டார். அதற்குப் பெயர் திருட்டுதான். உங்கள் ஆதாரம் எனக்காகப் பேசுகிறது, கீர்த்தனா."

கீர்த்தனா பத்தாம் பக்கத்தை மறுபடி பார்த்தாள். ராஜாராம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசி வரிசையில் வச்சலா எல்லப்பனை இடித்தாள். "இன்னா சொல்லுது அது?"

"பர்தினி அத்தப் படிக்கவேயில்லியாம். அதனால திருடன்தானாம்."

"பதினாலு வருசம் எங்க வூட்ல..." என்று வச்சலா எழுந்தாள். லோகநாயகி அவளைத் தோளில் கை வைத்து உட்கார வைத்துவிட்டுத் தான் எழுந்தாள்.

"பப்ளிக் வைவாதானே சார் இது? பாக்க வந்தவங்க கேள்வி கேக்கலாமில்ல?"

வழக்கமாக அந்த நேரத்தில் யாராவது ஒரு நண்பர் எழுந்து, முன்பே சொல்லிக்கொடுத்த எளிய கேள்வி ஒன்றைக் கேட்பார். ராஜாராம் திரையைப் பார்த்தார். மிரெல்லா கையசைத்தார். லோகநாயகி மேடைக்குப் போனாள். அவள் தமிழில் சொல்ல, கீர்த்தனா ஆங்கிலத்தில் சொன்னாள்.

"நான் தபால்ல இருந்தவ. எங்க ஊர்ல புக் போஸ்ட்னு ஒண்ணு உண்டு. புத்தகம் அனுப்பினா ஸ்டாம்ப் கம்மி. உள்ள லெட்டர் வெக்கக் கூடாது. ஆனா எல்லாரும் வெப்பாங்க. நாங்க உள்ள பாக்கணும், ஆனா கிழிக்கக் கூடாது. கிழிச்சா எங்க வேல போயிடும். அப்ப எப்படிப் பாத்திருப்போம்?"

மிரெல்லா கேமராவை நோக்கிச் சாய்ந்தார்.

லோகநாயகி எட்டாவது பிரதியை எடுத்தாள். தலைப்பக்கம் மூடிய இரண்டு தாள்களின் மூலைகளைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்ல அழுத்தினாள். கீழ்ப்பக்கம் மீன் வாய் மாதிரி திறந்துகொண்டது.

"எல்லப்பா, டார்ச்."

அவன் மொபைல் விளக்கை அந்த வாய்க்குள் அடித்தான். லோகநாயகி ஒற்றைக் கண்ணை மூடி உள்ளே பார்த்தாள். அடுத்த பை. அதற்கடுத்த பை. நான்காவதில் அவள் விரல் நின்றது.

"கேமராவ இங்க கொண்டா. இதுல எழுதியிருக்கு. வெட்டாமயே எழுதினவரு, நண்பரும் வெட்டாமயே படிப்பாருன்னு தெரிஞ்சுதான் எழுதியிருக்காரு. வெட்டாத புத்தகம்னா யாரும் படிக்காததுன்னு போலீஸ் தூக்கிப் போட்டுடும். எங்க சூப்பர்வைசரும் அப்படித்தான்."

கீர்த்தனா குனிந்தாள். அவள் கன்னம் லோகநாயகியின் கையில் பட்டது. முதலில் இத்தாலிய மொழியில் திரைக்குப் படித்தாள். பிறகு அரங்குக்கு.

"'எலியோ, உன் பதில் கிடைத்தது. அச்சிலும் பார்த்தேன். நீ தயங்கியது வீண். நான் கேட்டதை நீ செய்தாய், ஒரு சொல் மாற்றாமல் செய்தாய். பிள்ளை நன்றாக வளர்ந்திருக்கிறான்.'"

பதில் கிடைத்தது. பதில் எழுதியவன் படிக்காமல் எழுத முடியாது. அரங்கில் இருந்த நாற்பது பேருக்கும் அது புரிய ஒரு நொடி ஆனது. முன்வரிசையில் சூர்யா முதலில் கை தட்டினான். எல்லப்பன் அவனைச் சந்தேகப்பட்டதற்காக ஒரு கணம் கூச்சப்பட்டான், உடனே மறந்துவிட்டான்.

திரையில் மிரெல்லா கன்னத்தில் கை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். இணைப்பு போய்விட்டதோ என்று ராஜாராம் பயந்தார்.

"என் ஆசிரியர் தவறு செய்துவிட்டார்," என்றார் மிரெல்லா. "நானும்தான். முனைவர் கீர்த்தனாவை வாழ்த்துகிறேன். என் பரிந்துரையை இன்றே அனுப்புகிறேன்."

ராஜாராமுக்குக் கண் கலங்கியது. வச்சலாவுக்கு இந்த முறை எல்லப்பன் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. "அப்பவே சொன்னேன்," என்று பக்கத்து நாற்காலியில் இருந்த முன்பின் தெரியாத பேராசிரியரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாற்பது நிமிடம் தாண்டி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. திரை அணையவில்லை.

"அந்த அம்மையாரிடம் ஒன்று கேளுங்கள்," என்றார் மிரெல்லா. "ஒன்பதாவதில் ஏதாவது இருக்கிறதா?"

லோகநாயகி ஒன்பதாவதை எடுத்து மூலையை அழுத்தினாள். முதல் பையிலேயே இருந்தது. கீர்த்தனா படித்தாள், நிறுத்தினாள், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி படித்தாள்.

"'எலியோ, கட்டுரைகள் போதும். அடுத்த மாநாட்டுக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் காபிக் கொட்டை கொடுத்து அனுப்பு. இங்கே எதையோ வறுத்துக் காபி என்கிறார்கள். துறைத் தலைவருக்குத் தெரிய வேண்டாம். அவர் பாதி கேட்பார்.'"

அரங்கு சிரித்தது. திரையில் மிரெல்லா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். சிரித்து முடித்ததும் நாற்காலியை மேஜைக்கு இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பத்தாவது?"

எல்லப்பன் மொபைலில் சார்ஜ் நான்கு சதவீதம் என்று காட்டியது. ராஜாராமின் கோட்டுப் பைக்குள் கையை விட்டு அவருடைய போனை எடுத்தான், டார்ச்சைப் போட்டான், அடுத்த புத்தகத்தின் வாயருகே பிடித்தான்.